சேலத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கற பசங்களுக்கு: முதல் அசைன்மென்ட்ல இருந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் வரைக்கும்

ஜூலை ஆச்சுன்னா போதும், சித்தி பையன், தெருவுல இருக்கற பொண்ணு, அப்பாவோட தறிக்கூடத்துல வேலை செய்யறவரோட பையன்னு யாராச்சும் ஒருத்தர் வந்து "அண்ணா சிஎஸ் கிடைச்சுருக்கு, எந்த லேப்டாப் வாங்கட்டும்"னு கேப்பாங்க. எட்டு ஜிபி ரேம் இருக்கற எதை வேணா வாங்கிக்கோ, ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா எஸ்எஸ்டி இருக்கான்னு மட்டும் பாத்துக்கோன்னு சொல்லி அனுப்பிடுவேன். நெஜமா கேக்க வேண்டிய கேள்விய யாருமே கேக்கறதில்ல. எதை, எப்ப, எந்த ரூபத்துல குடுக்கணும்ங்கறதுதான் அது. அம்மாபேட்டைல இருந்து தினம் ரெண்டு பஸ் மாறிப் போய் படிச்சவன் நான், மார்க்கு போனதுல பாதி தெரியாததால போகல, கேட்டதை ஒழுங்கா படிக்காததால போச்சு. அதனால நான் அடிபட்ட வரிசையிலயே சொல்றேன்.

முதல்ல சிலபஸ் பிடிஎஃப்

சிலபஸ்னா யூனிட் ஒண்ணு யூனிட் ரெண்டு மட்டும்னு நெனைச்சு நேரா அங்க போய்டறோம், அதுக்கு முன்னாடி இருக்கற மார்க் பிரிப்பு பக்கத்தை யாரும் தொடறதில்ல. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்ல தியரி பேப்பர்னா இன்டர்னல் 40, எக்ஸாம் 60. லேப்னா அப்படியே தலைகீழ், இன்டர்னல் 60, எக்ஸாம் 40. பெரியார் யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஆர்ட்ஸ் காலேஜுல தியரிக்கு 25க்கு 75 கணக்கு. அட்டானமஸ் காலேஜா இருந்தா அவங்க அவங்களுக்கு தனி கணக்கு, அது உங்க ரெகுலேஷன் புக்குலயே இருக்கும். இதைப் பாத்தா ஒண்ணு புரியும், லேப்ல வாராவாரம் ஒழுங்கா செஞ்சு கையெழுத்து வாங்குனவன் கடைசி பரீட்சைக்கு முன்னாடியே பாதிக்கு மேல சம்பாரிச்சு வெச்சிருக்கான். செமஸ்டர் கடைசில ராத்திரி முழுக்க உக்காந்து ரெக்கார்டு எழுதறவனுக்கு இது தெரியாது, நானும் ரெண்டு செமஸ்டர் அப்படித்தான் எழுதுனேன்.

அசைன்மென்ட் ஷீட்டை மூணு வாட்டி படிக்கிறது

சும்மா சொல்லல, மூணு வாட்டி. மொத வாட்டி என்ன கேக்குறாங்கன்னு. ரெண்டாவது வாட்டி இன்புட் எங்கேந்து வருது, அவுட்புட் எப்படி வரணும்னு. மூணாவது வாட்டி என்ன குடுக்கணும், அதாவது ஃபைல் பேரு என்ன, ஜிப்பா தனி ஃபைலா, பிரின்ட்டா மெயிலா, எந்த தேதி எத்தனை மணின்னு.

தட்டுவடை செட் கடைக்கு போய் "ஒண்ணு போடுங்க"ன்னு சொன்னா அந்தக்கா உடனே போடறதில்ல பாருங்க, செட்டா நொறுக்கலா, காரம் தூக்கலா வேணுமா, பார்சலான்னு கேட்டுட்டுத்தான் தட்டையையே கையில எடுப்பாங்க. ஷீட்டுல இல்லாத விஷயத்தை நாம சார்கிட்ட அப்படித்தான் கேக்கணும். "சார், ஃபைல்ல ஒண்ணுமே இல்லைன்னா ப்ரோக்ராம் என்ன சொல்லணும்"னு கேட்டா யாரும் திட்ட மாட்டாங்க, யோசிச்சிருக்கான்னு சந்தோஷப்படுவாங்க.

எனக்கு நடந்தது என்னன்னா, ஒரு ஃபைல்ல இருக்கற மார்க் லிஸ்ட்ட படிச்சு சராசரி போடற ப்ரோக்ராம். வீட்ல பக்காவா ஓடுச்சு. ஃபைல் இருக்கற இடத்தை ப்ரோக்ராமுக்குள்ளயே டி டிரைவ், என் பேருல ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள ஃபைலுன்னு எழுதி வெச்சிருந்தேன். லேப்ல ஓட்டுன மெஷின்ல டி டிரைவே இல்ல. அது போதாதுன்னு ஷீட்டுல "விடையை மட்டும் அச்சிடவும்"னு இருந்ததை கவனிக்காம "எண்ணை உள்ளிடவும்", "நன்றி, மீண்டும் வருக"ன்னெல்லாம் அழகா போட்டிருந்தேன், அவுட்புட்டை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாக்கற ஸ்கிரிப்ட் வெச்சு திருத்துனதால பூஜ்யம். அன்னிக்கு கத்துக்கிட்டதுதான், ஃபைல் பேரை வெளில இருந்து வாங்கணும், கேக்காததை எழுதக் கூடாது, குடுக்கறதுக்கு முன்னாடி ஃபிரண்டோட லேப்டாப்புல ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்.

எந்த கம்பைலர்னு மொதல்லயே கேட்டுக்கோங்க

நாம எழுதுன ப்ரோக்ராமை மெஷினுக்கு புரியற மாதிரி மாத்தறதுதான் கம்பைலர். சில லேப்ல இன்னும் டர்போ சி நீல ஸ்கிரீன் இருக்கும். வீட்ல ஜிசிசி வெச்சிருப்பீங்க. அங்க எழுதுன கோனியோ ஹெட்டர், சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்ச் இதெல்லாம் இங்க அப்படியே ஓடும்னு நம்ப முடியாது. அதை விட மோசமானது சத்தம் போடாம தப்பா வர்றது. டர்போ சில இன்ட்டுங்கறது, அதாவது முழு எண்ணு வெக்கற இடம், 16 பிட், 32767 தாண்டாது. 7 ஃபேக்டோரியல், அதாவது 1ல இருந்து 7 வரைக்கும் பெருக்குனது, 5040 சரியா வரும், 8 ஃபேக்டோரியல் 40320க்கு பதிலா மைனஸ் 25216ன்னு வந்து நிக்கும். மைனஸ் வந்தா நாமளே முழிச்சுக்குவோம். வீட்ல இருக்கற ஜிசிசில இன்ட் 32 பிட், அதுல 12 ஃபேக்டோரியல் வரைக்கும் ஒழுங்கா இருக்கும், 13க்கு 6227020800 வரணும், ஆனா 1932053504ன்னு பாக்க லட்சணமா ஒரு எண்ணு வரும், யாருக்கும் சந்தேகமே வராது. வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, வெளில இருந்து வர்ற எக்ஸ்டர்னல் இந்த கேள்விய ரொம்ப விரும்பிக் கேப்பாங்க.

அதனால கோடு எழுதறதுக்கு முன்னாடியே ஒரு பேப்பர்ல அஞ்சாறு இன்புட்டும் அதுக்கு வர வேண்டிய விடையும் கைல போட்டு வெச்சுக்கோங்க. ஒண்ணுமே இல்லாதது, ஒரே ஒரு எண்ணு, எல்லாம் ஒரே மாதிரி, மைனஸ் எண்ணு, ரொம்ப பெருசு. அப்புறம் ஜிசிசில மைனஸ் டபிள்யூ ஆல்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டு கம்பைல் பண்ணுங்க, வார்னிங்கைப் பாத்து பயப்பட வேணாம், வர்ற வார்னிங்கை ஒண்ணு விடாம சரி பண்ணிட்டாலே பாதி பிரச்சனை காணாம போய்டும்.

ரெக்கார்டு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. அப்சர்வேஷன் நோட்டுல அன்னன்னைக்கு எழுதி அன்னன்னைக்கே கையெழுத்து வாங்கிடுங்க, அடுத்த வாரம் அந்த மேடம் லீவுல போய்ட்டா நீங்கதான் அலையணும். நோக்கம், அல்காரிதம், ப்ரோக்ராம், அவுட்புட், முடிவு, அவ்வளவுதான்.

காப்பி அடிக்கிறது பத்தி

வேரியபிள் பேரை மட்டும் மாத்திட்டா தெரியாதுன்னு ஒவ்வொரு பேட்ச்லயும் நாலு பேரு நம்புவாங்க. 1994ல உருவாக்குன மாஸ்னு ஒரு டூல் இருக்கு, உலகம் முழுக்க வாத்தியாருங்க யூஸ் பண்றாங்க, அது பேரைப் பாக்கறதே இல்ல, ப்ரோக்ராமோட அமைப்பைத்தான் துண்டு துண்டா எடுத்து ஒத்துப் பாக்கும். கமென்ட் மாத்துறது, ஸ்பேஸ் விடுறது, ஃபங்ஷனை மேல கீழ மாத்திப் போடறது எதுவும் அதுகிட்ட எடுபடாது. சாட்ஜிபிடி கதை வேற. எரர் மெசேஜை குடுத்து இதுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க, தாராளமா கேளுங்க, நான் தப்பே சொல்ல மாட்டேன். ஆனா முழுசா எழுதி வாங்கி குடுத்தீங்கன்னா வைவால "இந்த வரிய எடுத்துட்டா என்ன ஆகும்"னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க, அங்க மாட்டிக்குவீங்க. உங்க வாயால விளக்க முடியாத வரி ஒண்ணு கூட உங்க ஃபைல்ல இருக்கக் கூடாதுன்னு வெச்சுக்கோங்க, அது யார் எழுதுனதா இருந்தாலும் சரி.

ப்ராஜெக்ட்: தலைப்பை எங்க தேடறது

இங்கதான் நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கப் போறேன். ஃபைனல் இயர் வந்ததும் எல்லாரும் போர்டு மாட்டியிருக்கற ப்ராஜெக்ட் சென்டருக்கு ஓடுவாங்க, தலைப்பு, கோடு, ரிப்போர்ட்டு, பிபிடி எல்லாம் பார்சலா கிடைக்கும், அதையேதான் பக்கத்து காலேஜுல மூணு டீம் வாங்கியிருக்கும். இன்னொரு கூட்டம் லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட்னு எடுக்கும், கேட்டா அவங்க லைப்ரரிக்கே போனதில்லைம்பாங்க. இந்த ஊர்ல தலைப்புக்கா பஞ்சம்? தறி இருக்கு, ஜவ்வரிசி ஆலை இருக்கு, மாம்பழ மண்டி இருக்கு, செவ்வாய்ப்பேட்டைல வெள்ளிப் பட்டறை தெருத்தெருவா இருக்கு. உங்க சொந்தத்துலயே ஒருத்தர் இதுல ஏதோ ஒண்ணு செய்வாரு. அவரு நோட்டுல எழுதற ஒரு கணக்கை எடுங்க, அது போதும்.

நாங்க எடுத்தது மாமாவோட கொலுசு பட்டறை கணக்கு. கடைக்காரரு சுத்த வெள்ளி குடுப்பாரு, பட்டறைல அதை உருக்கி, செம்பு சேத்து, கம்பி இழுத்து, சங்கிலி கோத்து, பத்த வெச்சு, மெருகு போட்டு கொலுசா திருப்பிக் குடுக்கணும். திரும்பிப் போற எடையை அப்படியே கழிக்க முடியாது, டச் பாக்கணும், 70 டச்னா கிலோ கொலுசுல 700 கிராம்தான் சுத்த வெள்ளி. அது போக சேதாரம், அது போக கூலி. நாங்க மொதல்ல மாமாகிட்ட எதுவும் கேக்காம லாகின் பேஜ், டேஷ்போர்டு, கலர் கலரா சார்ட்டுன்னு ரெண்டு வாரம் செஞ்சுட்டு போய் காட்டுனோம். பாத்துட்டு "நல்லாத்தான் இருக்கு மாப்ள, இதுல எந்த கடைக்கு நான் எவ்வளவு வெள்ளி பாக்கின்னு எங்க இருக்கு"ன்னாரு. அது எங்கயும் இல்ல. அவருக்கு வேணும்னது அது ஒண்ணுதான்.

ரெக்வயர்மென்ட்டுன்னு புக்குல படிக்கிறது இதுதாங்க. ஐஇஇஇ 830ன்னு ஒரு மாதிரி ஃபார்மேட் இருக்கு, 1998ல கடைசியா திருத்துனது, அப்புறம் வேற ஸ்டாண்டர்டு அதோட இடத்துக்கு வந்தாச்சு, ஆனா இன்னிக்கும் எஸ்ஆர்எஸ், அதாவது சாஃப்ட்வேர் என்ன செய்யணும்ங்கற டாக்குமென்ட், எழுதச் சொன்னா அந்த தலைப்புகளைத்தான் நெறைய பேரு ஃபாலோ பண்றாங்க. அதை நெரப்பறதுக்கு முன்னாடி பட்டறைல ஒரு நாள் முழுக்க உக்காந்து, யாரு வர்றாங்க, என்ன சொல்றாங்க, நோட்டுல எந்த பக்கத்துல என்ன எழுதறாங்கன்னு பாருங்க. நோட்டுப் பக்கத்தை கேட்டுட்டு போட்டோ எடுத்துக்கோங்க, கடைக்காரங்க பேரை மட்டும் ரிப்போர்ட்டுல மாத்திடுங்க, அது அவங்க தொழில் ரகசியம்.

அங்க உக்காந்ததுல நாங்க கத்துக்கிட்டது மூணு. ஒண்ணு, பாக்கி எவ்வளவுன்னு டேபிள்ல தனி கட்டமா வெச்சிருந்தோம், மாமா ஒரு பழைய தப்பை திருத்தச் சொன்னாரு, பழைய என்ட்ரிய மாத்துனோம், பாக்கி மாறல, அப்படியே நின்னுச்சு. அப்புறந்தான் புரிஞ்சுது, கூட்டிக் கழிச்சு வரக் கூடியதை சேமிச்சு வெக்காதே, குடுத்தது வந்தது ரெண்டையும் மட்டும் வெச்சுக்கிட்டு கேக்கறப்ப கணக்கு போடுன்னு. ரெண்டு, அழிக்கற பட்டன் வெச்சிருந்தோம், மாமா பதறிட்டாரு, "நோட்டுல அடிச்சுட்டு மேல எழுதுவோமே தவிர யாராச்சும் பக்கத்தை கிழிப்பாங்களாடா"ன்னாரு. அந்த பட்டனை எடுத்துட்டு, தப்பான என்ட்ரிக்கு எதிர் என்ட்ரி போடற மாதிரி மாத்துனோம், எக்ஸ்டர்னல் அதைப் பத்தி மட்டும் அஞ்சு நிமிஷம் பேசுனாரு. மூணாவது, எடையை ஃப்ளோட்ல, அதாவது புள்ளி வெச்ச எண்ணா, வெச்சிருந்தோம். பைத்தான்ல 0.1யும் 0.2யும் கூட்டிப் பாருங்க, 0.3 வராது, 0.30000000000000004ன்னு வரும், ஏன்னா பத்துல ஒரு பங்கை பைனரில முடிவா எழுதவே முடியாது. ஒரு என்ட்ரில ஒண்ணும் தெரியாது, வருஷக் கணக்கை கூட்டி நோட்டுக் கணக்கோட ஒத்துப் பாக்கறப்ப கடைசி இலக்கம் ஒத்துக்காது, வெள்ளிக்காரரு அதை விட மாட்டாரு. எடையை மில்லிகிராம்ல முழு எண்ணா மாத்திட்டோம், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ்ல டெசிமல் டைப்பும் போடலாம்.

தமிழ்ல பேரு போட்டா கேள்விக்குறியா வருதுன்னு ஒரு வாரம் மண்டைய உடைச்சுக்கிட்டோம், அதையும் சொல்லிடறேன். டேட்டாபேஸ் தமிழ் எழுத்தே தெரியாத பழைய லேட்டின் கேரக்டர் செட்ல இருந்துச்சு. யூடிஎஃப் எய்ட் எம்பி ஃபோர்னு மாத்துனா சரியாய்டும், மைஎஸ்க்யூஎல் 8ல இருந்து அதுவே டீஃபால்ட்டா வருது. இன்னொரு வேடிக்கை, "கொலுசு"ங்கறது நமக்கு மூணு எழுத்து, பைத்தான்ல நீளம் கேட்டா 6ங்கும், யூடிஎஃப் எய்ட்டா சேமிச்சா 18 பைட். எழுத்தோட ஒட்டி வர்ற குறியையும் தனியா எண்ணுது. பேருக்கு இத்தனை எழுத்துதான்னு லிமிட் போடறப்ப இதை மறந்துடாதீங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல டைப் அடிச்சு டேட்டாபேஸ்ல போடவே போடாதீங்க, உள்ள இங்கிலீஷ் எழுத்துதான் போய் உக்காந்திருக்கும், தேடுனா ஒண்ணும் கிடைக்காது.

டீம், அப்புறம் கிட்

நாலு பேரு டீம்னா ஒருத்தன் செய்வான், ஒருத்தன் பிபிடி போடுவான், ஒருத்தன் டீ வாங்கிட்டு வருவான், ஒருத்தன் ரிவ்யூ அன்னிக்குத்தான் தலைப்பே கேப்பான். இதுக்கு என்கிட்ட மருந்தில்ல. ஆனா யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரியற மாதிரி வெச்சுக்கலாம். அதுக்குத்தான் கிட்.

லினக்ஸ் எழுதுன லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல எழுதுன டூலு இது, யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு வரலாறு வெச்சுக்கும். எங்க டீம்ல ஒருத்தனுக்கு வீடு ஏற்காடு மலைல காப்பித் தோட்டத்து ஓரம், அங்க சிக்னல் வந்தா வந்துச்சு, மழைக் காலத்துல சுத்தமா கிடையாது. அவன் என்ன செய்வான்னா ராத்திரி வீட்ல கோடு எழுதி கமிட் பண்ணி, அதாவது மாத்துனதை பதிஞ்சு, வெச்சுக்குவான், காலைல 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரத்துல டவர் கிடைச்சதும் புஷ் பண்ணுவான், அதாவது எல்லாருக்கும் பொதுவான இடத்துக்கு ஏத்துவான். கமிட் பண்றதுக்கு நெட்டே வேணாம், முழு வரலாறும் அவனவன் லேப்டாப்புலயே இருக்கும், புஷ்ஷும் புல்லும் மட்டுந்தான் நெட் கேக்கும். பென்டிரைவ்ல "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "நெஜமான ஃபைனல்"னு ஃபோல்டர் சுத்திக்கிட்டு இருந்த எங்களுக்கு இது பெரிய விடுதலை.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி புல், அதாவது மத்தவங்க ஏத்துனதை இறக்கிக்கறது, முடிச்சதும் கமிட், கமிட்டுக்கு என்ன செஞ்சோம்னு ஒரு வரி. "சேஞ்சஸ்"னு எழுதாதீங்க, "சேதாரக் கணக்குல வகுத்தல் தப்பு சரி பண்ணது"ன்னு எழுதுங்க. ரெண்டு பேரு ஒரே வரிய மாத்துனா கான்ஃப்ளிக்ட் வரும், பக்கத்துல உக்காந்து பேசி எது வேணுமோ அதை வெச்சுக்கோங்க, பயந்து போய் ஃபோல்டரை அழிச்சுட்டு மறுபடி இறக்காதீங்க. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கற ஃபைலை கிட்ஹப்ல ஏத்தாதீங்க, ஒருக்கா ஏத்திட்டா அப்புறம் அழிச்சாலும் வரலாற்றுல நிக்கும், பாஸ்வேர்டையே மாத்தறதுதான் வழி.

ரிவ்யூவும் ரிப்போர்ட்டும்

ஜீரோத் ரிவ்யூல தலைப்பும் சுருக்கமும், ஃபர்ஸ்ட் ரிவ்யூல டிசைன், செகண்ட் ரிவ்யூல ஓடற ப்ரோக்ராம், கடைசில எக்ஸ்டர்னல் வைவா, ஏறக்குறைய எல்லா காலேஜுலயும் இந்த மாதிரிதான் போகும். ஃபர்ஸ்ட் ரிவ்யூக்குள்ள ஒரே ஒரு வழி ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஓடணும்னு வெச்சுக்கோங்க. எங்களுக்கு அது, வெள்ளி வாங்குனதா ஒரு என்ட்ரி போட்டா அந்தக் கடையோட பாக்கி ஸ்கிரீன்ல மாறணும். அழகு அப்புறம் பாத்துக்கலாம்.

ரிப்போர்ட்டை கடைசி வாரத்துக்கு விடாதீங்க. எக்ஸிஸ்டிங் சிஸ்டம்னு ஒரு சாப்டர் வரும், எல்லாரும் "தற்போதைய முறை கைமுறையானது, நேரம் வீணாகிறது"ன்னு நாலு வரி காப்பி அடிப்பாங்க. நீங்க பட்டறைல உக்காந்து பாத்ததை அப்படியே எழுதுங்க, அந்த நோட்டு எதுல கெட்டி, எதுல கஷ்டம்னு. டேபிளுங்களுக்குள்ள இருக்கற தொடர்பைக் காட்டற ஈஆர் டயக்ராமை கடைசில மறுபடி வரைங்க, ஏன்னா நடுவுல டேபிள் மாறியிருக்கும், படத்துல ஒண்ணு ப்ரோக்ராம்ல ஒண்ணு இருந்தா மொத கேள்வியே அங்கதான் விழும். ஸ்கிரீன்ஷாட்ல "ஏபிசி", "டெஸ்ட் 123"ன்னு டேட்டா இருக்கக் கூடாது, உண்மை மாதிரி பத்து பதினஞ்சு என்ட்ரியாவது போடுங்க. பைண்டிங் பண்ற பக்கம் மார்ஜின் அதிகமா விடணும், எங்களுக்கு இடது பக்கம் ஒன்றரை இன்ச் சொன்னாங்க, உங்க டிபார்ட்மென்ட்ல குடுக்கற ஃபார்மேட் ஷீட்ல என்ன இருக்கோ அதையே வைங்க. பிரின்ட்டுக்கு வேர்டு ஃபைலா கொண்டு போகாதீங்க, ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபான்ட் இல்லாம எல்லாம் கட்டம் கட்டமா வந்து, தொண்ணூறு பக்கம் காசு போச்சு எங்களுக்கு. பிடிஎஃப் ஆக்கி, மொதல்ல ரெண்டே பக்கம் எடுத்துப் பாருங்க. இது நீங்களே செஞ்சதுன்னு சான்று குடுக்கற போனஃபைட் பக்கத்துல கைடு, ஹெச்ஓடி கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி பைண்டிங் போடக் கூடாது, ஹார்டு பைண்டிங்குக்கு ரெண்டு நாளாவது ஆகும், எல்லா காலேஜும் ஒரே வாரத்துல வந்து நிக்கும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

டெமோ அன்னிக்கு காலேஜ் வைஃபையை நம்பாதீங்க. எல்லாமே லேப்டாப்புலயே ஓடற மாதிரி வெச்சுக்கோங்க, இன்னொருத்தன் லேப்டாப்புலயும் அதே செட்டப், கூட ரெண்டு நிமிஷ ஸ்கிரீன் ரெக்கார்டிங் வீடியோ ஒண்ணு போன்ல. சார்ஜரை மறந்துட்டு வந்த டீமை நானே பாத்திருக்கேன். எக்ஸ்டர்னல் வந்து உக்காந்ததும் ஆர்க்கிடெக்சர்னு ஆரம்பிக்காதீங்க, பட்டறைல இப்ப எப்படி நடக்குதுன்னு ஒரு நிமிஷம் சொல்லிட்டு நேரா ஒரு என்ட்ரி போட்டுக் காட்டுங்க. எங்ககிட்ட அவரு கேட்டது, ரெண்டு பேரு ஒரே நேரத்துல என்ட்ரி போட்டா என்ன ஆகும், கரன்ட் பாதில போனா என்ன ஆகும், ஏன் இந்த டேபிளை ரெண்டா பிரிச்சீங்க. மூணாவதுக்கு நல்லா சொன்னோம், ரெண்டாவதுக்கு ட்ரான்சாக்ஷன், பதிஞ்சா முழுசா பதியும் இல்லன்னா ஒண்ணுமே பதியாதுன்னு ஒருத்தன் சமாளிச்சான். மொத கேள்விக்கு பட்டறைல ஒரே கம்ப்யூட்டர்தான் சார், மாமா ஒருத்தர்தான் எழுதுவாருன்னு உண்மையைச் சொன்னோம், சிரிச்சுட்டு ஃப்யூச்சர் என்ஹான்ஸ்மென்ட்ல எழுதிக்கோங்கப்பான்னு விட்டுட்டாரு.